தகிட தகிட தக: 16 கட்ட ஸ்டெப் சீக்வென்சர், மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளின் 16 கட்ட ஸ்டெப் சீக்வென்சர் (கட்டங்களை நிரப்பித் தாளம் அமைக்கும் பலகை), யுஎஸ்பியில் செருகி விரலால் தட்டும் ஒரு 16 பேட் கன்ட்ரோலர், ஒரு லேப்டாப். கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளிலும் திருவிழா இரவுகளிலும் மூன்று வருடமாக ஓடும் அமைப்பு இவ்வளவுதான். நடன இசைக்குத் தாளம் கட்ட இது தாராளமாகப் போதும். மவுஸால் கட்டங்களைக் குத்திக் குத்தித் தேடும்போதுதான் தாளம் செத்துப்போகிறது. சொற்கட்டை வாயால் சொல்லிவிட்டு, அதைக் கட்டத்தில் வைத்தால் சின்கோபேஷன் தானாக வந்து உட்காருகிறது.

ஒரு பாரில் (ஒரு தாளச் சுற்றில்) 4 அடி, அடிக்கு 4 கட்டம். இது சதுஸ்ர நடை, வேறொன்றுமில்லை. ஒவ்வொரு அடியிலும் முதல் கட்டம் தட்டு விழும் இடம், இரண்டாவது கால் இடம், மூன்றாவது அரை இடம், நான்காவது முக்கால் இடம். அழுத்தம் தட்டை விட்டு நழுவி அரையிலோ முக்காலிலோ விழுந்தால் அதுதான் சின்கோபேஷன். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தள்ளி வரும் உருப்படிகளையும், சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதே அல்ல.

தகிட தகிட தக என்று சொல்லுங்கள். 3+3+2, மொத்தம் 8 கட்டம். அடி விழுவது 1, 4, 7. மறுபாதியில் 9, 12, 15. கியூபாவில் ட்ரெசிய்யோ என்பது இந்தக் கணக்குதான். கிக்கை (கனத்த டிரம் அடி) 1, 5, 9, 13இல் நேராக வைத்து ஸ்னேரை (கூர்மையான டிரம் அடி) 4, 7, 12, 15இல் வைத்தால் ரெகேடோன் நடன இசையின் டெம்போ (dembow, வேகத்தைச் சொல்லும் tempo அல்ல) தாளம் கிடைத்துவிடும். நான்கு தகிடவும் ஒரு தகதிமியும் சேர்த்தால் 16 கட்டம்: 1, 4, 7, 10, 13. ஹவுஸ் நடன இசையில் பியானோ கார்டுக்கும் பேஸுக்கும் இது அருமையாகப் பொருந்தும்.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு. 1, 6, 11 என்று 5+5+6 ஆகப் பிரிப்பது கண்ட நடை ஆகாது. நடை சதுஸ்ரம்தான், பிரிப்பில்தான் ஐந்து. உண்மையான கண்ட நடைக்கு அடிக்கு 5, பாருக்கு 20 கட்டம் வேண்டும். அடிக்கு 96 டிக் (மென்பொருள் நேரத்தை அளக்கும் சிறு அலகு) என்ற தொடக்க அமைப்பில் 96 ஐந்தால் வகுபடாது என்பதால் அடிகள் துல்லியமாக உட்காராது. முதலில் 480 அல்லது 960க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சமத்தை, அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தை, காப்பது. சமம் தெரியாவிட்டால் தள்ளி விழும் அடி தள்ளி விழுந்ததாகவே கேட்காது. கிக், ஸ்னேர், பேஸ் மூன்றையும் ஒரே ஆர்வத்தில் நகர்த்திவிட்டால், கேட்பவர் காது வேறோர் இடத்தைச் சமமாக எடுத்துக்கொள்ளும். அடிக்கடி நடப்பது இது: பாட்டின் தொடக்கத்தில் 3, 7, 11, 15இல் ஓப்பன் ஹேட் (நீளும் சிம்பல் ஒலி) மட்டும் ஓடும். கூட்டம் அதையே தட்டு என்று எடுத்துக் கைதட்ட ஆரம்பிக்கும். 16 பார் கழித்துக் கிக் வரும்போது பாட்டே தடம் புரண்டதுபோல் இருக்கும். முதல் பாரிலிருந்தே 1ஆம் கட்டத்தில் மெல்லிய ஒரு ரிம் ஒலி வைத்தால் போதும், சரியாகிவிடும். டூ-ஸ்டெப் பாணி நடன இசையில் கிக்கை 1, 11 என்று வைக்கும்போது ஸ்னேர் 5, 13இல் அசையாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான். ஏதாவது ஒரு வாத்தியம் தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: பாட்டைத் தெரியாத ஒருவரைத் தொடையில் தாளம் போடச் சொல்லுங்கள். இரண்டு பாருக்குள் கை சமத்துக்கு வரவில்லை என்றால் பேட்டர்னில் ஓர் அடியைக் குறையுங்கள்.

அடுத்து ஸ்விங், அதாவது இரட்டைப்படைக் கட்டங்களைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது. 1988இல் ரோஜர் லின் வடிவமைப்பில் வந்த எம்பிசி60 டிரம் கருவியின் கணக்கை வைத்துப் பார்ப்பது எளிது. 125 பிபிஎம்மில் ஓர் அடி 480 மில்லி செகண்ட், ஒரு கட்டம் 120, அடிக்கு 96 டிக் என்றால் ஒரு டிக் 5. 54 சதவீதம் என்றால் இரட்டைப்படைக் கட்டங்கள் 2 டிக், அதாவது 10 மில்லி செகண்ட் பின்னால் போகும். 58க்கு 20, 62க்கு 30. 66ஐத் தொட்டால் 40. அது முழுத் திஸ்ரம் (மூன்றாகப் பிரியும் நடை), ஹவுஸுக்குத் தூக்கல். 54 முதல் 58 வரைதான் இதில் நன்றாக வேலை செய்தது.

ஆனால் ஸ்விங்கை எல்லா வாத்தியத்துக்கும் ஒன்றாகப் போடாதீர்கள். தகிட தகிட தகவில் 4 இரட்டைப்படை, 7 ஒற்றைப்படை. 58 சதவீதத்தில் 4ஆம் கட்டம் மட்டும் நகரும், 7 நகராது. 360, 360, 240 என்று இருந்த இடைவெளி 380, 340, 240 ஆகிவிடும். ஹேட்டில் இது அழகு. கிக்கில் வந்தால் நொண்டும். கிக்குக்கு ஸ்விங் பூஜ்யம், ஹேட்டுக்கும் மெல்லிய ஸ்னேர் அடிகளுக்கும் மட்டும் ஸ்விங் என்று பிரித்த பிறகுதான் தாளம் நிமிர்ந்தது.

வெலாசிட்டி (அடியின் பலம்) 127இல் அழுத்த அடிக்கு 105 முதல் 120, இடையில் வரும் மெல்லிய அடிக்கு 30 முதல் 45. கிக்கின் வால் 200 மில்லி செகண்டைத் தாண்டக் கூடாது. 500 மில்லி செகண்ட் நீளும் 808 டிரம் மெஷின் பாணிக் கிக்கை 3+3+2இல் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பாகும். கிக் விழும்போதெல்லாம் பேஸை அமுக்கும் சைட்செயின் அமைப்பைத் தள்ளி விழும் கிக்கோடு கட்டினால் பேஸும் சேர்ந்து தடுமாறும். ஒலி வெளியே போகாத ஒரு தனிக் கிக்கை 1, 5, 9, 13இல் ஓடவிட்டு அதோடு கட்டுங்கள்.

தவில் சாம்பிள் சேர்க்க இந்தப் பக்கம் எல்லோருக்கும் ஆசை. கூடு மாட்டிய விரல் விழும் வலந்தலை (வலது முகம்) ஒலி கூர்மையானது, முக்கால் இடத்துக்குப் பிரமாதம். ஆனால் பதிவின் முன்னால் 20 மில்லி செகண்ட் வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடி 4 டிக் தாமதமாகும். எவ்வளவு சரியாகக் கட்டம் வைத்தாலும் தூக்கக் கலக்கத்தில் வாசித்த மாதிரி இருக்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, முதல் மேடு எழும்பும் இடத்தில் வெட்டுங்கள்.

டிராப்புக்கு (தாளம் முழு பலத்தோடு இறங்கும் இடத்துக்கு) முந்தைய பாரில் ஸ்னேரை விடாமல் உருட்டுவது சலித்துப்போன வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு தீர்மானம் (ஒரே சொற்கட்டை மூன்று முறை சொல்லிச் சமத்தில் முடிப்பது) வையுங்கள். தகதிமி, 2 கார்வை (அடி இல்லாத இடைவெளி), தகதிமி, 2 கார்வை, தகதிமி. 4+2+4+2+4, கச்சிதமாக 16. அடிகள் 1-4, 7-10, 13-16. அடுத்த 1இல் கிக்கும் பேஸும் சேர்ந்து இறங்கும். கார்வை இருக்கும் 5, 6, 11, 12 கட்டங்களில் ரிவெர்பின் வால்கூட ஓடக் கூடாது. ஐந்தில் வேண்டுமென்றால் 2ஆம் கட்டத்தில் தொடங்கித் தகதகிடவை மூன்று முறை வைத்தால் 16இல் முடியும். மேளம் கேட்டுப் பழகிய கூட்டம் மூன்றாவது முறை வரும்போதே கையை ஓங்கி நிற்கும்.

இனி வெளியில் வரும் சிக்கல்கள். ரேடியோ செட்டின் குழாய் ஸ்பீக்கரில் 50, 60 ஹெர்ட்ஸ் கிக் கேட்கவே கேட்காது. தள்ளி விழும் அடியைக் கிக் மட்டும் சுமந்தால் தெருவில் நேர்த் தாளம்தான் மிஞ்சும். ஒவ்வொரு கிக்கோடும் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறு கிளிக்கைச் சேர்த்தே அனுப்புங்கள். மோனோவில் கேட்டுப் பார்ப்பதும் கட்டாயம். தெரு நீளத்துக்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தால் இன்னொரு வம்பு: ஒலி 120 மில்லி செகண்டில் போகும் தூரம் சுமார் 42 மீட்டர். அந்த இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால், ஒன்றின் அருகே நிற்பவருக்கு ஒவ்வோர் அடியும் ஒரு கட்டம் தள்ளி இன்னொரு முறை கேட்கும். முக்கால் இடத்து அடி அடுத்த தட்டின் மேலேயே போய் விழும். அங்கெல்லாம் 1, 4, 7 மாதிரி அகலமான பேட்டர்ன் மட்டுமே தெளிவாகக் கேட்கும். பதினாறையும் நிரப்பும் ஹேட்டை அணைத்துவிடுங்கள்.

பேட் கன்ட்ரோலரைப் பற்றிப் பாராட்ட அதிகம் இல்லை. ஐப்பசி ஈரத்தில் ஓரத்து பேட்கள் ஒரு தட்டுக்கு இரண்டு அடி கொடுக்கத் தொடங்கின. மென்பொருளில் த்ரெஷோல்டை (அடி என்று ஏற்கும் குறைந்தபட்ச பலம்) கூட்டினால் இரட்டை அடி நிற்கும், ஆனால் 40க்குக் கீழான மெல்லிய அடிகளும் காணாமல் போகும். பஃபர் (ஒலியை அனுப்பும் முன் சேர்த்து வைக்கும் அளவு) 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 ஆக இருந்தால் ஒலி வெளியே வர மட்டும் 11.6 மில்லி செகண்ட் ஆகிறது, 256இல் 5.8. கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறும்போது பவர் சேவர் தானாக ஏறி ஒலி வெடிக்கும். அந்த அமைப்பை நிகழ்ச்சிக்கு முன்பே அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் தாளம் கட்டவே வேண்டாம், தட்டுவதும் கேட்பதும் வேறு வேறு கட்டத்தில் இருக்கும். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் ஒயர் வைத்த நல்ல ஹெட்போனை வாங்குங்கள். பேட் பிறகு வரட்டும். மெல்லிய அடிகளின் வெலாசிட்டியை மவுஸால் இழுத்தே வைத்துக்கொள்ளலாம்.