மீசையும் வேக்யூம் கிளீனரும்

குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' பாடல் வீடியோவை நேற்றிரவு மூன்று முறை பார்த்தேன். ஒருமுறை ஒலியே இல்லாமல். 1984இல் டேவிட் மாலட் இயக்கியது.

குழுவின் நால்வரும் பெண் வேடத்தில். பிரையன் மே தலையில் முடி சுருட்டும் கர்லரோடு எழுகிறார், ரோஜர் டெய்லர் பள்ளி மாணவி, ஜான் டீகன் பாட்டி. 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரிட்டிஷ் தொடரைக் கிண்டல் செய்யும் அமைப்பு. ஆனால் என் கண் பாடகர் ஃபிரெடி மெர்குரியை விட்டு நகரவில்லை. கறுப்புத் தோல் பாவாடை, விக், கையில் வேக்யூம் கிளீனர். மீசை மட்டும் அப்படியே இருக்கிறது! அதை மழித்திருந்தால் வெறும் மாறுவேடமாகப் போயிருக்கும். மீசை இருப்பதால்தான் ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அவரை அடைக்க முடியவில்லை.

அப்புறம் நடுவில் ராயல் பாலே நடனக் கலைஞர்களோடு ஒரு பகுதி. அதற்காக அந்த மீசையையே எடுத்துவிட்டார்! நெருக்கமான வீட்டு அறையிலிருந்து சட்டென்று திறந்த வெளிக்கு வந்ததுபோல மூச்சு விட முடிகிறது. பாடல் கேட்கும் விடுதலையை அங்கே உடம்பே சொல்லிவிடுகிறது. தலையில் விளக்குக் கட்டிய சுரங்கத் தொழிலாளர் கூட்டம் வரும் காட்சி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

பிரிட்டனில் சிரித்து ரசித்தார்கள், அமெரிக்காவில் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் கோபம்தான் வருகிறது. பாவாடை கட்டிக்கொண்டு வீட்டைப் பெருக்கும் ஒருவரிடம் இத்தனை கம்பீரத்தை வேறெந்த ராக் வீடியோவிலும் நான் பார்த்ததில்லை.