32 இன்ச் எச்டி ரெடியா, ஃபுல் எச்டியா, இல்லை 43க்கே போய்விடலாமா?

படுக்கையறைக்கு ஒரு சின்ன டிவி போதும் என்று கடைக்குள் நுழைந்தால், பத்தாயிரம் ரூபாயில் தொடங்கும் பேச்சு இருபத்தைந்தாயிரத்தில் போய் நிற்கும். "இன்னும் ரெண்டாயிரம் போட்டா ஃபுல் எச்டி வந்துடும் சார், அதுக்கு மேல கொஞ்சம் போட்டா 4கே" என்று படிப்படியாக ஏற்றிவிடுவார்கள். சொல்வதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி, டிவியில் எந்த வயரைச் செருகப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ரெசல்யூஷனுக்கு, அதாவது திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்குச் செலவு செய்யலாமா வேண்டாமா என்பது இந்த இரண்டையும் பொறுத்ததுதான்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். எச்டி ரெடி திரையில் 1366×768, அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920×1080, கிட்டத்தட்ட 21 லட்சம். 4கே என்றால் 3840×2160, சுமார் 83 லட்சம். எண்ணிக்கை இரட்டிப்பு, எட்டு மடங்கு என்று ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அப்படி ஏறுவதில்லை.

நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி வரைதான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். அதைவிட நெருங்கி இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். திரையின் அகலத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து இந்தக் கணக்கைப் போட்டால், எவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்தால் புள்ளிகள் மறையும் என்பது கிடைக்கும்.

32 இன்ச் எச்டி ரெடி: சுமார் 5.8 அடி
32 இன்ச் ஃபுல் எச்டி: சுமார் 4.2 அடி
43 இன்ச் ஃபுல் எச்டி: சுமார் 5.6 அடி
43 இன்ச் 4கே: சுமார் 2.8 அடி
24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர்: சுமார் 3.1 அடி

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் சேர்த்துப் பாருங்கள். 32 இன்ச் எச்டி ரெடியில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். 43 இன்ச் ஃபுல் எச்டியிலும் ஏறத்தாழ அதே அரை மில்லிமீட்டர்தான். "எச்டி ரெடியா, அதெல்லாம் பழசு" என்று முகம் சுளிப்பவர்கள், அதே பருமனுள்ள புள்ளிகளை 43 இன்ச்சில் சந்தோஷமாக வாங்கிப் போகிறார்கள்!

பத்துக்குப் பத்து அறையில் கட்டிலில் சாய்ந்து பார்த்தால் கண்ணுக்கும் திரைக்கும் ஆறேழு அடி இருக்கும். அந்தத் தூரத்தில் 32 இன்ச் எச்டி ரெடியையும் ஃபுல் எச்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தை ஓட்டினால், புள்ளிகளை வைத்து எது எதுவென்று சொல்வது கஷ்டம். நிறமும் வெளிச்சமும்தான் முதலில் கண்ணில் படும். ஆகவே படம் பார்க்க மட்டும் என்றால் 32க்கு எச்டி ரெடியே போதும் என்பது என் கருத்து. 32 இன்ச்சில் ஃபுல் எச்டி மாடல்கள் குறைவு. தேடிப் பிடித்து அதிக விலை கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்கலாம். சின்ன டிவிகளில் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருப்பதால், வசனம் தெளிவில்லாமல் போவதுதான் பெரிய தொல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. டிவியில் லேப்டாப்பைச் செருகப் போகிறீர்கள் என்றால் எச்டி ரெடி வேண்டாம். 1366×768 என்பதே ஒரு விநோதமான அளவு. அந்தக் காலத்துக் கணினித் திரை 1024×768. அதே 768 வரிசையை வைத்துக்கொண்டு 16:9க்கு அகலப்படுத்தியபோது 1365.33 வந்தது, அதை 1366 ஆக்கிவிட்டார்கள். ஒளிபரப்பில் இந்த அளவு கிடையவே கிடையாது. 720 வரிசை வந்தால் டிவி கொஞ்சம் இழுக்க வேண்டும், 1080 வந்தால் சுருக்க வேண்டும். ஓடும் படத்தில் இது தெரியாது. எழுத்தில் தெரியும். எக்செல் கட்டங்களின் மெல்லிய கோடுகள் சில தடித்தும் சில மங்கியும் நிற்கும். பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக மூன்று நான்கு அடியில் உட்காரப் போகிறார்கள் என்றால் ஃபுல் எச்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். எஸ்டி, அதாவது எச்டி அல்லாத சாதாரணத் தரக் கேபிள் பாக்ஸ் தரும் படத்தில் அதிகபட்சம் 720×576, நான்கு லட்சம் சொச்சம் புள்ளிகள். எச்டி ரெடி திரையே அதைப் போல இரண்டரை மடங்கு. மீதியை டிவி தானாக இட்டு நிரப்புகிறது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியில் இதே தரமுள்ள சிக்னல் பளிச்சென்று இருந்தது, குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. 43 இன்ச் திரை அதைப் போல எட்டு மடங்குக்கும் மேல் பரப்பு. அதே நான்கு லட்சம் புள்ளிகளை அவ்வளவு பெரிதாக இழுத்தால் முகங்கள் மெழுகு பூசியதுபோல்தான் தெரியும். வீட்டில் பெரியவர்கள் எஸ்டி கேபிளில் சீரியல் பார்க்கத்தான் டிவி என்றால், 43 இன்ச் 4கே வாங்கிக் கொடுப்பதைவிட 32 இன்ச் எச்டி ரெடி அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எச்டி பாக்ஸ் வைத்திருந்தும் படம் சுமாராக இருக்கிறது என்று புலம்பும் வீடுகளில் டிவியின் பின்னால் எட்டிப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை கொண்ட பழைய ஏவி வயர் தொங்கிக்கொண்டிருக்கலாம். அந்த மஞ்சள் வயரில் எச்டி வரவே வராது. எச்டிஎம்ஐ வயருக்கு மாற்றினால், புது டிவி வாங்கும் யோசனையே சில வீடுகளில் தள்ளிப் போய்விடும்.

ஓடிடியிலும் இதே கதைதான். நெட்ஃபிளிக்ஸில் பேசிக் பிளான் 720 வரைதான், 1080க்கு ஸ்டாண்டர்ட், 4கேவுக்கு பிரீமியம். இணைய வேகமும் 1080க்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேவுக்கு 15 மெகாபிட் என்று அவர்களே சொல்கிறார்கள். பேசிக் பிளானோடு 4கே டிவி வாங்கினால், 83 லட்சம் புள்ளிகளில் ஒன்பது லட்சம் புள்ளிப் படத்தைத்தான் பரப்பிப் பார்ப்பீர்கள்.

இப்போது 43. முன்பு 32 இன்ச் வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் 18 சதவீதம்தான். 32ஐத் தாண்டினால் வரி கூடும் என்ற காரணம் இன்று இல்லை. சுவரில் இடம் இருந்து, ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து, ஓடிடிதான் பிரதானம் என்றால் 43 நல்ல முடிவு. அதில் ஃபுல் எச்டியா 4கேவா? ஏழு அடியில் புள்ளி வித்தியாசம் தெரியப் போவதில்லை. இருந்தாலும் விலை வித்தியாசம் நாலைந்தாயிரத்துக்குள் இருந்தால் 4கேவையே எடுப்பேன். பெரும்பாலும் அதில்தான் ராம் கூடுதலாகவும் பிராசஸர் நல்லதாகவும் வைக்கிறார்கள், மெனு தடுமாறாமல் நகரும். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் வசதி) என்று அட்டையில் போட்டிருப்பதற்காக மட்டும் காசு சேர்க்க வேண்டாம். இந்த விலையில் வரும் திரைகளுக்கு எச்டிஆரைக் காட்டும் அளவு வெளிச்சம் கிடையாது.

தனியாக ஒரு அறையில் இருப்பவர்களுக்கு நான்காவது வழி ஒன்று உண்டு: 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரும், அதில் செருகி ஓடிடி பார்க்க ஒரு டிவி ஸ்டிக்கும். மேசையிலிருந்து மூன்றடியில் படம் கூர்மையாக இருக்கும், பகலில் வேலை, இரவில் படம். குறை என்னவென்றால் பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது, புளூடூத் ஸ்பீக்கர் தனியாக வேண்டும். ரிமோட்டால் மானிட்டரை அணைக்கவும் பெரும்பாலும் முடியாது. நான்கு பேர் கூடிப் பார்க்கும் வீட்டுக்கு இது சரிவராது.

கடைசியாக, அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. எச்டி ரெடி என்ற முத்திரை 2005ல் ஐரோப்பாவில் வந்தது. குறைந்தது 720 வரிசை, 720p, 1080i சிக்னல்களை (p என்றால் எல்லா வரிசையும் ஒரே தடவையில், i என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக) வாங்கிக்கொள்ளும் திறன் ஆகியவை அதன் நிபந்தனைகள். சிக்னலை வாங்கிக்கொள்வது வேறு, அத்தனை புள்ளிகளையும் காட்டுவது வேறு. "1080பி சப்போர்ட்" என்று பெரிதாகப் போட்டிருந்தால், கீழே பேனல் ரெசல்யூஷன் என்ற வரியைத் தேடுங்கள், 1366×768 என்று இருக்கலாம். அப்படியும் சந்தேகமா? கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புள்ளி அகலக் கோடுகள் மாறி மாறி வரும் 1920×1080 படம் ஒன்றை லேப்டாப்பில் தயார் செய்து எடுத்துப் போங்கள். எச்டிஎம்ஐயில் செருகி, லேப்டாப்பை 1920×1080க்கு வைத்து, டிவியின் பிக்சர் சைஸை ஓரங்கள் வெட்டாத 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது அதுபோன்ற அமைப்புக்கு மாற்றுங்கள். ஃபுல் எச்டி பேனல் என்றால் கிட்டப் போய்ப் பார்க்கையில் கோடு கோடாகத் தெரியும். எச்டி ரெடி என்றால் சாம்பல் நிறப் பட்டைகளாகக் குழம்பி நிற்கும்.