தினம் ஒரு போன்: அம்மாவுக்காகக் கோடையில் எடுத்த சேவை

தனியாக இருக்கும் பெரியவர்களைத் தினமும் ஒருமுறை போனில் கூப்பிட்டு விசாரிக்கிற சேவை ஒன்றில், போன கோடையில் அம்மாவைச் சேர்த்துவிட்டேன். தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், மாத்திரையை ஞாபகப்படுத்துவார்கள், அதுவே போதும் என்றுதான் சேர்த்தேன். கிடைத்தது அதைவிடப் பெரிசு.

அம்மாவுக்கு 78 வயது. வெயில் ஏறினால் நடைப்பயிற்சி நின்றுவிடும், தோழிகள் வருவதும் நின்றுவிடும், பகல் முழுக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். ராத்திரி புழுக்கத்தில் தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க எரிச்சல். நான் கூப்பிட்டு எப்படி இருக்கீங்க என்றால், "நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையைப் பாரு" என்று வைத்துவிடுவார்.

பதினொரு மணிக்குக் கூப்பிடும் அந்தப் பெண் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "இப்போ எந்த ரூம்ல இருக்கீங்கம்மா? ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? டம்ளர்ல எவ்வளவு மிச்சம் இருக்கு?" இதற்கெல்லாம் நல்லாயிருக்கேன் என்று சொல்லி முடித்துவிட முடியாதே. அப்புறம் முந்தின நாள் அம்மா பாதியில் விட்ட கதையை அவரே எடுத்துக் கொடுப்பார். இரண்டாவது வாரம் நான் போயிருந்தபோது பத்தே முக்காலுக்கே அம்மா தலை வாரி, கண்ணாடி போட்டு, நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒருநாள் அம்மா சொன்னதையே திரும்பச் சொல்ல, கிழமையும் தப்பாகச் சொல்ல, அந்தப் பெண் உடனே என்னைக் கூப்பிட்டார். வயசாச்சு, மறதி என்று நானாக இருந்தால் விட்டிருப்பேன். டாக்டரிடம் கொண்டுபோனால், உடம்பில் நீர் வற்றியதால் வந்த குழப்பம் என்றார், சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையின் அளவையும் மாற்றினார். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, வியர்வையும் குறையும். மனநலத்துக்குத் தரும் சில மருந்துகள் உடம்பு சூட்டைச் சமாளிப்பதையே கெடுக்கும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவருக்கு நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்து அளவு ஏறிவிடும். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது, கோடைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

1995இல் சிகாகோ வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தபோது, தனியாக இருந்தவர்களும் வீட்டை விட்டு வெளியே வராதவர்களுமே அதிக ஆபத்தில் இருந்தார்கள். 2003இல் பிரான்ஸில் ஏறக்குறைய 15,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள். அதற்குப் பிறகுதான் அங்கே உள்ளாட்சி நிர்வாகங்கள் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு, வெப்ப அலை நாட்களில் முதியவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கின. இதைப் படித்திருந்தும், போன் பக்கத்தில் அம்மா இழுத்துப் போட்ட அந்த நாற்காலியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்த குரல்தான் வரும், அம்மா "ஹலோ, ஹலோ" என்று பதில் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அதைவிட மோசம், சீசன் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஆளை மாற்றினார்கள். அம்மா இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. சண்டை போட்டுத்தான் பழைய ஆளைத் திரும்ப வாங்கினேன். நீங்கள் எந்தச் சேவையை எடுத்தாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால், தினமும் ஒரே ஆள்தான் கூப்பிடுவாரா என்று கேளுங்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன். இந்த வருடமும் சேர்த்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நானே கூப்பிடுகிறேன், டம்ளரில் எவ்வளவு மிச்சம் என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.