அயல் ஆங்கில உச்சரிப்புகளுக்குக் காதைப் பழக்கும் ஒலிக்களஞ்சியம்

செய்தி வாசிப்பாளரின் ஆங்கிலத்தைத் தடையின்றிப் புரிந்துகொள்பவர்கள்கூட, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தவரோ நியூசிலாந்துக்காரரோ தம் இயல்பான வேகத்தில் பேசத் தொடங்கியதும் திணறிப்போவதுண்டு. முன்னவர் வாயில் 'வாட்டர்' என்பதன் இடையிலுள்ள டகர ஒலி பெரும்பாலும் தொண்டைக்குள்ளேயே அடைபட்டுவிடும். பின்னவர் 'பென்' என்பது நம் காதில் 'பின்' என்றே விழும். இத்திணறலைக் குறைக்க இலவசமாகக் கிடைப்பவற்றுள் நான் முதலிடம் தருவது, பல நாட்டவரின் ஆங்கிலப் பேச்சைப் பதிவுசெய்து தொகுத்துள்ள 'இன்டர்நேஷனல் டயலெக்ட்ஸ் ஆஃப் இங்கிலீஷ் ஆர்கைவ்' என்னும் இணையதளத்துக்குத்தான்.

நடிகர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி அளிப்பவரான பால் மையர் 1998இல் இதைத் தொடங்கினார். மொழி கற்போருக்காக உருவானதன்று என்பதே இதன் பலமும் குறையும் ஆகும். பெரும்பாலான பதிவுகளில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலில் பேசுபவர், நோயுற்ற வாத்து ஒன்றுக்குச் சிகிச்சை அளிக்கும் செவிலியைப் பற்றிய பொதுப்பத்தி ஒன்றை வாசிக்கிறார்; பிறகு தம் ஊரையும் வாழ்க்கையையும் பற்றித் தம் சொந்தச் சொற்களில் பேசுகிறார். பத்தியைச் சிலர் வாசிக்கக் கேட்டதுமே அது மனப்பாடமாகிவிடுவதால், அதன்பின் காதுக்கு வேலையில்லை, நினைவே எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறது. ஆயினும், சொற்கள் முன்பே தெரிந்திருப்பதால் ஒலிகள் எங்கே மாறுகின்றன என்பதை அதில் நிதானமாகக் கவனிக்கலாம். அந்தக் கவனத்தோடு இரண்டாம் பகுதியை எழுத்துவடிவம் பாராமல் கேட்டு, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு, எழுத்துவடிவம் தரப்பட்டுள்ள பதிவுகளில் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதே உண்மையான பயிற்சி.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் 'ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்கைவ்' தளமும் நன்று. ஆனால் அங்கே எல்லோரும் 69 சொற்கள் கொண்ட ஒரே பத்தியை வாசிப்பதோடு நின்றுவிடுவதால், அது ஒலியியல் மாணவர்களுக்கே கூடுதலாகப் பயன்படும்.

ஒரே நாட்டினர் பலரின் குரல்கள் கிடைப்பது 'இன்டர்நேஷனல் டயலெக்ட்ஸ்' தளத்தின் பெரிய வசதி. சீன உச்சரிப்பில் பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கொண்டு ஆன் பிராட்லோ, டெஸ்ஸா பென்ட் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அதே உச்சரிப்புடைய பலரைக் கேட்டுப் பழகியவர்களால் முன்பின் கேட்டிராத புதியவர் ஒருவரின் பேச்சையும் நன்கு புரிந்துகொள்ள முடிந்தது. எனவே நாடு நாடாகத் தாவுவதைவிட, ஸ்காட்லாந்து என்றால் ஸ்காட்லாந்துப் பதிவுகளிலேயே சில வாரங்கள் தங்கியிருப்பது மேல்.

குறைகளும் இல்லாமலில்லை. ஒலித்தரம் பதிவுக்குப் பதிவு வேறுபடுகிறது. வினாக்களோ, எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் வரிசையோ கிடையாது. ஏறக்குறைய 30 நிமிடங்களில் 40 வினாக்களுக்கு, ஒருமுறை மட்டுமே ஒலிக்கும் பதிவைக் கேட்டு விடையளிக்க வேண்டிய, ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் கேட்டல் பகுதிக்கு ஆயத்தமாவோர், மாதிரித் தேர்வுகளைத் தனியே எழுதிப் பழகத்தான் வேண்டும். அதைவிடப் பெரிய குறை, இங்குள்ளவை பெரும்பாலும் தனியொருவரின் பேச்சாகவே இருப்பது: இருவர் ஒருவரையொருவர் இடைமறித்துப் பேசும் அலுவலகக் கூட்டத்துக்கோ, இரைச்சல் நிறைந்த தொலைபேசி உரையாடலுக்கோ இத்தளம் காதை ஆயத்தப்படுத்துவதில்லை.