தாழ்த்திய சில்வராடோவுக்கு 22×9 ரிம்: +31, +18, 0 – எதைப் போடலாம்?

எடுத்துக்கொண்ட வண்டி 1999–2006 ஷெவர்லே சில்வராடோ 1500, டூ வீல் டிரைவ். முன்னால் 4 அங்குலம், பின்னால் 6 அங்குலம் இறக்கியது. ரிம் 22 அங்குல விட்டம், 9 அங்குல அகலம். டயர் 265/40ஆர்22, அதாவது 265 மி.மீ. அகலம். ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம். ஆஃப்செட் மட்டும்தான் பாக்கி.

ஹப்பில் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டைவிட்டு எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். பிளஸ் கூடக்கூடச் சக்கரம் உள்ளே போகும். டயர் அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளிவிளிம்புக்கு உள்ள தூரம். கூட்டினால் உள்விளிம்புக்கு உள்ள தூரம்.

| ஆஃப்செட் | வெளியே | உள்ளே |
|---|---|---|
| +31 | 101.5 மி.மீ. | 163.5 மி.மீ. |
| +18 | 114.5 மி.மீ. | 150.5 மி.மீ. |
| 0 | 132.5 மி.மீ. | 132.5 மி.மீ. |

டயர் கம்பெனியைப் பொறுத்துச் சில மி.மீ. முன்னே பின்னே இருக்கும்.

இறக்காத வண்டியில் 0 போட்டவர்கள் நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் கை நுழைகிற இடம் இருக்கிறது. 4 அங்குலம் இறக்கியதும் அந்த இடம் போய்விடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது டயர் ஃபெண்டருக்குள் ஏற வேண்டும். 0-வில் டயரின் தோள்பட்டை வெளியே நிற்பதால் ஃபெண்டரின் மடிப்புத் தகடு நேராக ரப்பரில் உட்கார்ந்து வளையம் போட்டதுபோல் அறுக்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது சக்கரம் பெரிய வட்டம் அடிப்பதால் முன்மூலை பம்பர் ஓரத்தையும் தொடும். போதாததற்கு வீல் பேரிங்கில் நெம்பு கூடுகிறது, ரோட்டுப் பள்ளம் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். பார்க்க அகலமாகத் தெரியும் என்பதைத் தவிர முன்சக்கரத்தில் 0-வுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

முன்னால் +31. கம்பெனி ரிம்மின் அச்சில் வார்த்த 22 அங்குல ரிம்கள் பல இந்த ஆஃப்செட்டில்தான் வருகின்றன. தேடி அலைய வேண்டாம். கவனிக்க வேண்டியது உள்பக்கம்: முழுத் திருப்பத்தில் டயர் சேஸையும் ஸ்வே பாரையும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) நெருங்கும். 285 டயர் என்றால் இருபுறமும் இன்னும் 10 மி.மீ. பெருக்கும். டிராப் ஸ்பிண்டில் (ஹப்பைத் தாங்கும் அச்சுத் துண்டு, வண்டி தாழும்படி செய்தது) போட்டு இறக்கியிருந்தால், சில ஸ்பிண்டில்கள் சக்கரத்தையே சில மி.மீ. வெளியே தள்ளும். அப்படியானால் +31 நடைமுறையில் +25 போல நடந்துகொள்ளும். +18 வாங்கியவர் கதி என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பின்சக்கரம் வேறு கதை. அது திரும்புவதில்லை, நேராக மேலேறி இறங்கும், அவ்வளவுதான். +31 பெரும்பாலும் உள்ளே ஒடுங்கிப்போய்த் தெரியும். +18 அங்கே அழகாக உட்காரும், லீஃப் ஸ்பிரிங்கிலிருந்தும் 13 மி.மீ. கூடுதலாக விலகும். அதனால் நான்கு ரிம்மையும் ஒரே ஆஃப்செட்டில் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. முன்னால் +31, பின்னால் +18 என்பதுதான் எங்கள் தேர்வு.

காசு கொடுக்குமுன் அளந்துவிடுங்கள். வண்டி ஓடும் உயரத்தில் சமதரையில் நிற்கட்டும். ஃபெண்டர் மடிப்பின் உள் ஓரத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, ஹப் முகத்துக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தைக் குறியுங்கள். முன்னால் 110 மி.மீ. வந்தால் +31-க்கு 8.5 மி.மீ. மிச்சம், +18 என்றால் 4.5 மி.மீ. வெளியே. பிறகு சக்கரத்தைக் கழற்றி, சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மை பம்ப் ஸ்டாப் (முழுக்க ஏறியதும் முட்டும் தடுப்பு) தொடும்வரை ஜாக்கியால் ஏற்றி மறுபடி அளக்க வேண்டும். உரசல் தெரிவது அங்கேதான். பின்னால் லீஃப் ஸ்பிரிங் வரைக்கும் உள்பக்கத்தையும் பாருங்கள்.

கையில் +31 ரிம் நான்கு ஏற்கெனவே இருந்தால் பின்னால் ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போடலாம். 25 மி.மீ. போட்டால் +6 ஆகிவிடும், அது அதிகம், 13 மி.மீ. போதும். ஆனால் இந்தத் தடிமனுக்கு நீள ஸ்டட் (ஹப்பிலிருந்து நீளும், நட்டு பூட்டும் போல்ட்) கட்டாயம்: 14×1.5 மரையில் நட்டு குறைந்தது ஒன்பது சுற்றுப் பிடிக்க வேண்டும். ஹப் துளை 78.1 மி.மீ.; வெளிச்சந்தை ரிம்கள் பல 106 மி.மீ. துளையோடு வருவதால் அந்த இடைவெளியை நிரப்பும் நடு வளையம் இல்லாமல் பூட்டினால் அதிர்வு வரும். நட்டுகளை 190 நியூட்டன் மீட்டர் முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை சரிபாருங்கள்.