லீட் லிஸ்டில் நமக்குத் தெரிந்தவர் யார்? எக்செல், ஓப்பன்ரிஃபைன், சேல்ஸ் நேவிகேட்டர்

கோவை கொடிசியா மாதிரி ஒரு தொழிற்கண்காட்சி முடிந்தால் நானூறு, ஐந்நூறு கம்பெனிப் பெயர்களும் அங்குள்ள ஆட்களின் பெயர்களும் கையில் சேர்ந்துவிடும். வாங்கக்கூடியவர்களின் இந்தப் பட்டியல்தான் லீட் லிஸ்ட். வரிசையாகப் போன் அடிக்க ஆரம்பிக்கும் முன், அந்தக் கம்பெனிகளில் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்துவிட வேண்டும். "நல்லா செய்வாங்க, பேசிப் பாருங்க" என்று உள்ளே இருப்பவர் ஒருவர் சொன்னால் பர்ச்சேஸ் மேனேஜர் காது கொடுத்துக் கேட்பார்.

முப்பது, நாற்பது பெயர் என்றால் லிங்க்ட்இனில் ஒவ்வொன்றாகத் தேடலாம். அதற்கு மேல் போனால் கனெக்‌ஷன் பட்டியலை வெளியே எடுப்பதுதான் சரி. செட்டிங்ஸில் தரவின் நகலைக் கேட்டு, கனெக்‌ஷன்ஸை மட்டும் டிக் செய்தால் எக்செலில் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பு வரும். அதில் முதல் சில வரிகள் வெறும் குறிப்பு, அவற்றை நீக்கிவிடுங்கள். பெயர், கம்பெனி, பதவி, இணைந்த தேதி எல்லாம் இருக்கும். மின்னஞ்சலுக்கும் ஒரு பத்தி (நெடுவரிசை) உண்டு. ஆனால் அனுமதித்தவர்களுடையது மட்டுமே வரும் என்பதால் அது பெரும்பாலும் காலிதான். ஆக, கம்பெனிப் பெயரையும் ஆள் பெயரையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். சிக்கலே அங்கேதான்.

ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடும் எக்செலின் எக்ஸ்லுக்அப் ஃபார்முலா, சாதாரணமாக எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் காட்டும். ஒரு பக்கம் 'பிரைவேட் லிமிடெட்', மறுபக்கம் சுருக்கமாக 'பி. லிட்' என்றால் கைவிட்டுவிடும். எக்செலுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரியில் ஏறக்குறையப் பொருத்தும் வசதி இருக்கிறது. ஒற்றுமை அளவு (0 முதல் 1 வரை) சொல்லாவிட்டால் 0.8 என்று எடுத்துக்கொள்ளும். அதைக் குறைத்தால் நம் ஊர்ப் பெயர்களில் குழப்பம்தான்: முன்னால் 'ஸ்ரீ', பின்னால் 'இண்டஸ்ட்ரீஸ்' என்று இருக்கும் சம்பந்தமில்லாத கம்பெனிகளெல்லாம் ஜோடி சேரும். அந்தப் பொதுச் சொற்களை முதலிலேயே நீக்கிவிட்டால் எக்செலே போதுமான அளவு வேலை செய்கிறது.

ஆள் பெயருக்கு எனக்கு, தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருளான ஓப்பன்ரிஃபைன்தான் பிடிக்கும். இலவசம், தரவு நம் கணினியை விட்டு வெளியே போகாது. இரண்டு பட்டியலையும் ஒரே பத்தியில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்துவிட்டு, கிளஸ்டர் செய்ய வேண்டும், அதாவது ஒரே மாதிரிப் பெயர்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஃபிங்கர்பிரிண்ட் முறை புள்ளிகளை நீக்கிச் சொற்களை அகரவரிசைப்படுத்துவதால் 'எஸ். கார்த்திக்', 'கார்த்திக் எஸ்' இரண்டும் ஒன்றாகிவிடும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறும் நம் பெயர்களுக்கு இது பெரிய உதவி. 'செந்தில் குமார்', 'செந்தில்குமார்' என்று இடைவெளி மாறினால் என்-கிராம் முறை பிடித்துவிடும், அது இடைவெளியையே எடுத்துவிடுவதால். ஆனால் 'எல் அண்ட் டி'யும் 'லார்சன் அண்ட் டூப்ரோ'வும் ஒன்று என்று எந்த முறையும் கண்டுபிடிக்காது. அதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் கம்பெனியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் எந்த ஜோடியையும் ஏற்காதீர்கள்.

சேல்ஸ் நேவிகேட்டர் விற்பனைக்காரர்களுக்கான லிங்க்ட்இன் சேவை, காசு கொடுத்து வாங்குவது. நம் சொந்தக் கனெக்‌ஷனைப் பார்க்க மட்டும் அது தேவையில்லை. அதன் உண்மையான பலம் டீம்லிங்க்: குழுவில் இருப்பவர்களின் கனெக்‌ஷன்களையும் சேர்த்துக் காட்டும். அடிப்படைத் திட்டத்தில் இது கிடையாது, அட்வான்ஸ்டிலிருந்துதான். பத்துப் பேர் விற்பனையில் இருக்கும் கம்பெனிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. இரண்டு பேர் ஆபீஸ் என்றால் வேண்டாம், இருவரும் கோப்பை எடுத்து ஒரே ஷீட்டில் போட்டால் முடிந்தது.

சேல்ஸ் நேவிகேட்டரால் முடியாத ஒன்று, போனில் இருப்பவர்களைப் பார்ப்பது. பம்ப், வால்வு, நூல் வியாபாரத்தில் பாதிப் பேர் லிங்க்ட்இன் பக்கமே வருவதில்லை. 'ரவி வால்வு கணபதி' என்று நம் போனில்தான் இருக்கிறார்கள். கூகுள் கான்டாக்ட்ஸிலிருந்து அவர்களையும் சிஎஸ்வியாக எடுத்துச் சேர்க்க முடிவதால்தான் நான் ஷீட் பக்கம் நிற்கிறேன்.

லிங்க்ட்இன் பக்கங்களைத் தானாகச் சுரண்டி எடுக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களைத் தொடவே வேண்டாம். அது லிங்க்ட்இன் விதிக்கு எதிரானது, கணக்கே முடக்கப்படலாம். தவிர, நம்மை நம்பி இணைந்தவர்களின் விவரத்தை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுப்பது தப்பு.

பொருந்திய பெயர்கள் வந்ததும் இணைந்த தேதியைப் பாருங்கள். எப்போதோ இணைந்து, யார் என்றே நினைவில்லாதவரைத் தெரிந்தவர் கணக்கில் வைக்காமல் சாதாரண லிஸ்டுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். மிச்சமிருப்பவர்களுக்கு முதலில் போன் செய்யுங்கள்.