முன்னாள் வீரர் நடத்தும் நடுவர் பயிற்சி

குத்துச்சண்டை நடுவராக விரும்புவோருக்கான ஒரு வாரப் பயிற்சி வகுப்பை அண்மையில் முடித்தேன். அதை நடத்துபவர் இளமையில் மேடையேறிச் சண்டையிட்டு, பின்பு பல ஆண்டுகள் நடுவராக நின்று, எழுபது வயதைக் கடந்த இப்போது கற்றுக்கொடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருப்பவர்.

'ஸ்டாப்' (நிறுத்து), 'பிரேக்' (விலகு), 'பாக்ஸ்' (சண்டையைத் தொடர்) என்னும் மூன்று கட்டளைகளையும், அடிபட்டு விழுந்தவருக்கு எட்டு வரை எண்ணுவதையும் எவரும் ஒரே பிற்பகலில் பழகிவிடலாம். ஆனால் அடிபட்டவர் அதை எப்படி மறைப்பார் என்பதை, ஒரு காலத்தில் தாமே மறைத்துப் பழகியவர் சொல்லித்தரும்போதுதான் இந்த வகுப்பின் அருமை விளங்குகிறது. எண்ணும்போது சிரிப்பை நம்பாமல் காலைப் பாருங்கள் என்று சொன்ன அவர், எழுந்து நின்ற மாணவரின் இரு மணிக்கட்டுகளையும் பிடித்து, கையுறைகளைத் தம் சட்டையில் துடைத்தபடியே தம் பக்கம் மெல்ல இழுத்தார். துடைப்பது ஒரு சாக்குதான். இழுக்கும் கைக்கு முழங்கால் எவ்வளவு தாமதமாக இணங்குகிறது என்பதையே அவர் அந்த நொடியில் அளந்துகொண்டிருந்தார்.

இரண்டு சண்டைகளுக்கு மட்டும் ஒரு முழு நாள் சென்றது. 1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் எமில் கிரிஃபித், பென்னி பாரெட்டை 12ஆவது சுற்றில் மூலையில் நிறுத்தித் தாக்கியபோது, முன்னாள் வீரரான நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் குறுக்கே வரத் தாமதமானது; நினைவிழந்த பாரெட் ஏப்ரல் 3 அன்று இறந்தார். கோல்ட்ஸ்டீனின் நடுவர் வாழ்க்கையும் ஏறக்குறைய அத்தோடு முடிந்துபோனது. 1990 மார்ச் 17 அன்று, மற்றொரு முன்னாள் வீரரான ரிச்சர்ட் ஸ்டீல், மெல்ட்ரிக் டெய்லருக்கும் ஹூலியோ செசார் சாவேசுக்கும் இடையிலான சண்டையை, அது முடிய இரண்டு நொடிகளே மீதமிருந்த நிலையில், டெய்லரால் தொடர முடியாது என்று நிறுத்தி, அதற்காக ஆண்டுக்கணக்கில் ஏச்சு வாங்கினார். இந்த இரு பழிகளில் எதைச் சுமக்கத் தயார் என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார் ஆசிரியர். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே அவர் முதுமையிலும் மேடைப் படியேறுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

குறைகளும் உண்டு. புள்ளியிடும் முறை அரைமணி நேரத்தில் முடிக்கப்பட்டது. அது போதவே போதாது. ஒரே மேடையில் இருபது பேர் என்பதால், எனக்கு நடுவராக நிற்கக் கிடைத்தவை இரண்டே சுற்றுகள். எல்லாவற்றையும்விட, கையுறை அணிந்து சில சுற்றுகளாவது அடிவாங்கிய அனுபவம் தேவை என்பதை முதல் நாள் காலையில்தான் சொல்கிறார்கள். சேர்வதற்கான அறிவிப்பிலேயே அது இருந்திருந்தால், நான் ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டுச் சேர்ந்திருப்பேன். இப்போது அந்த ஆறு மாதத்தை முடித்துவிட்டு, அடுத்த வகுப்பில் மறுபடியும் சேரவிருக்கிறேன்.